ரெண்டு மோடம், ரெண்டு போன் லைன், ஒரே நெட்: மல்டிலிங்க் போடுறது எப்படி

போன மாசம் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனப்போ ஒரு பழைய சாமான் கடைல அட்டப்பெட்டிக்குள்ள நாலு எக்ஸ்டர்னல் மோடம் கெடந்துச்சு, கிட்டத்தட்ட எடைக்குப் போடுற நெலமைல, பேரம் பேசி நாலையும் தூக்கிட்டு வந்துட்டேன். வீட்ல இது எதுக்குன்னு கேட்டாங்க, 2000-ல முயற்சி பண்ணி தோத்துப்போன ஒரு வேலைய இப்ப முடிக்கப் போறேன்னு சொன்னா யாருக்குப் புரியும். வேலை இதுதான், ரெண்டு டயல்-அப் மோடத்த, அதாவது போன் லைன் வழியா நெட்டுக்கு கூப்புடுற பெட்டிய, டயல் பண்ணவிட்டு ரெண்டு லைனையும் ஒரே இன்டர்நெட் கனெக்‌ஷனா சேக்குறது. பேரு மல்டிலிங்க் பிபிபி, இதுல பிபிபிங்கறது மோடம் வழியா நெட் டேட்டா அனுப்புற முறை. முடிச்சுட்டேன். பழைய விண்டோஸ் 98 மெஷின தூசி தட்டி வச்சிருக்குறவங்களுக்கு உதவும்னு எழுதுறேன், அப்படியே அந்த காலத்துல பலபேருக்கு இது ஏன் வேலை செய்யலங்குறதும் சேந்தே வரும்.

மொதல்ல ஒண்ணு, இது உங்க பக்கம் மட்டும் செட் பண்ணி முடிக்கிற சமாச்சாரம் இல்ல. மல்டிலிங்க் என்ன பண்ணுதுன்னா ஒரு பாக்கெட்ட, அதாவது நெட்ல போற ஒரு சின்ன டேட்டா மூட்டைய, துண்டு துண்டா வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரிசை எண் போட்டு பாதிய இந்த லைன்லயும் பாதிய அந்த லைன்லயும் அனுப்புது, எதிர்முனைல ஒருத்தன் அந்த நம்பரப் பாத்து வரிசையா ஒட்டணும். ஒட்ட ஆளில்லன்னா வெட்டி பிரயோஜனமில்ல. இதோட விதிமுறை ஆர்எஃப்சி 1717-னு (ஆர்எஃப்சின்னா இன்டர்நெட் விதிமுறை ஆவணம்) 1994-ல வந்துச்சு, 1996-ல திருத்தி ஆர்எஃப்சி 1990 ஆச்சு. இது பெருசா ஓடுனது ஐஎஸ்டிஎன்ங்கற டிஜிட்டல் போன் லைன்லதான், அங்க ஒரே லைன்ல ரெண்டு 64 கே சேனல் வரும், சேத்தா 128. நாம அதையே சாதா போன் லைனுக்கு இழுத்துக்கிட்டோம், அவ்ளோதான்.

எதிர்முனை ரெண்டு போன் கால்ல வர்றதும் ஒரே ஆள்னு எப்படி கண்டுபிடிக்குதுன்னா, யூசர்நேம் ஒண்ணா இருக்கணும், கூடவே உங்க கம்ப்யூட்டர் அனுப்புற ஒரு அடையாளக் குறியும் ஒண்ணா இருக்கணும், ரெண்டும் பொருந்துனா ரெண்டாவது கால மொத கால் கூட ஒரே கட்டுல போட்டுக்கும். இங்கதான் வில்லங்கம். ஐஎஸ்பி, அதாவது நெட் குடுக்குற கம்பெனி, அவங்ககிட்ட அந்த காலத்துல இருந்தது கால எடுக்குற ஒரே பெட்டி இல்ல, சிஸ்கோ ஏஎஸ் 5300, லிவிங்ஸ்டன் போர்ட்மாஸ்டர் 3, அசெண்ட் மேக்ஸ் மாதிரி பெட்டி வரிசையா இருக்கும், ஒரே நம்பருக்கு டயல் பண்ணாலும் எது ஃப்ரீயா இருக்கோ அதுல கால் விழும். மொத கால் ஒரு பெட்டில, ரெண்டாவது கால் பக்கத்துப் பெட்டில விழுந்துச்சுன்னா அந்த ரெண்டு பெட்டியும் தங்களுக்குள்ள பேசிக்கிற வசதி இருந்தாதான் கட்டு சேரும், இல்லன்னா இல்ல. சில நாள் வேலை செஞ்சு சில நாள் செய்யாம போறதுக்கு இதான் பெரும்பாலும் காரணம், நாம நம்ம மோடத்த திட்டிக்கிட்டு இருப்போம்.

அதுபோக ஐஎஸ்பிக்கு இதுல நஷ்டம். நம்ம ஊர்ல ஐஎஸ்பி வாங்குற பிஆர்ஐ (PRI) லைன் ஒண்ணுல 30 சேனல், அதாவது 30 பேர் ஒரே நேரத்துல வரலாம், நீங்க ஒருத்தரே ரெண்டு எடுத்தா அவன் இன்னொரு கஸ்டமர வெளில நிறுத்தணும். அதனால லாகின் சரிபாக்குற ரேடியஸ் சர்வர்ல ஒரு யூசருக்கு எத்தன போர்ட்னு ஒரு லிமிட் வச்சிருப்பாங்க, அது ஒண்ணுன்னு இருந்தா ரெண்டாவது மோடம் கீ...ன்னு கத்தி முடிச்சு, வெரிஃபையிங் யூசர்நேம் அண்ட் பாஸ்வேர்ட் வரைக்கும் வந்து, 691 எரர் குடுத்துட்டு செத்துரும்.

எனக்கு 2000-ல நடந்தது அதேதான். அப்பா கடை லைனும் வீட்டு லைனும் ஒரே மாடிப்படிக்கட்டுக்கு கீழ வந்து சேரும், ரெண்டும் கைல இருக்கு, அப்புறம் என்ன கவலைன்னு ஐஎஸ்பிக்கு போன் போட்டேன், பேர் வேண்டாம், மல்டிலிங்க் உண்டு சார் தாராளமா போடுங்கன்னு சொன்னாங்க. போட்டேன். ரெண்டாவது லைன் கனெக்ட் ஆகி பத்து செகண்ட்ல கட் ஆகும், நான் வேற புத்திசாலியா ரீடயல் ஆன் பண்ணி வச்சிருந்தேன், கட் ஆகுறதும் திரும்ப அடிக்கிறதுமா ராத்திரி பூரா ஓடிருக்கு, ஒவ்வொரு கனெக்டுக்கும் ஒரு கால் சார்ஜ். ரெண்டு மாச பில் வந்தன்னிக்கு கடை லைன எடுத்து அப்பா அலமாரில வச்சு பூட்டாத குறைதான். அதனால மொத பாடம், டெஸ்ட் பண்ணி முடிக்கிற வரைக்கும் ரீடயல் ஆஃப்.

இப்ப சாமான் விஷயம். எக்ஸ்டர்னல் சீரியல் மோடம் ரெண்டு, முடிஞ்சா ஒரே மாடல், முக்கியமா ஒரே வேகம். ஒண்ணு 56 கே இன்னொண்ணு 28.8-னு கலந்து கட்டுனா கூட்டிப்பாத்த வேகம் வராது, ஏன்னா வேகமான லைன்ல வந்த துண்டு மெதுவான லைன்ல வர்ற துண்டுக்காக காத்துக்கிட்டு நிக்கும். பிசிஐ ஸ்லாட்ல போடுற சாஃப்ட்மோடம் வேணாம், அதுல பாதி வேலைய சிபியு செய்யுது, பென்டியம் 2 மாதிரி மெஷின்ல ரெண்டு சாஃப்ட்மோடம் ஓடுனா மவுஸ் கூட திக்கித் திக்கித்தான் நகரும். அந்த காலத்துலயே இதுக்குன்னு தனியா ஒரு கார்டு வந்துச்சு, டயமண்ட் கம்பெனியோட சுப்ராசானிக் 2, ஒரே கார்டுல ரெண்டு மோடம், ஷாட்கன்னு பேர் வச்சு 112 கேன்னு வித்தாங்க, கைல கெடச்சா விடாதீங்க.

பழைய எக்ஸ்டர்னல் மோடம் வாங்குறப்ப அடாப்டர் சேத்துக் கேளுங்க, இல்லன்னா அடிய திருப்பி லேபிள்ல என்ன போட்டுருக்குன்னு படிங்க. யூஎஸ் ரோபோடிக்ஸ் ஸ்போர்ட்ஸ்டர் மாதிரி சிலதுக்கு வர்ற அடாப்டர் அவுட்புட்டே ஏசி, டிசி இல்ல. பின் பொருந்துதேன்னு கண்ட டிசி அடாப்டர சொருகாதீங்க. நான் வாங்குன நாலுல ரெண்டுக்கு அடாப்டர் இல்ல, டிரான்ஸ்ஃபார்மர் கடைல சொல்லி 9 வோல்ட் ஏசி பண்ணி வாங்குனேன்.

அடுத்தது காம் போர்ட், அதாவது மோடத்த சொருகுற சீரியல் போர்ட், இங்க பொறுமை வேணும். காம் 1-ம் காம் 3-ம் ஒரே ஐஆர்க்யூ (போர்ட் சிபியுவ கூப்புடுற வழி) 4, காம் 2-ம் காம் 4-ம் ஒரே ஐஆர்க்யூ 3. ஒரு மோடத்த காம் 1-லயும் இன்னொண்ண காம் 3-லயும் போட்டா தனித்தனியா டயல் பண்றப்ப ரெண்டும் நல்ல பிள்ளையா இருக்கும், சேந்து ஓடுறப்ப ஒண்ணு செத்துரும், அதனால ஒண்ணு காம் 1 ஒண்ணு காம் 2. சீரியல் மவுஸ் வச்சிருந்தா அத தூக்கிட்டு பிஎஸ்2 மவுஸ் போடுங்க. அந்த காலத்து மதர்போர்டுல பெரும்பாலும் ரெண்டு போர்ட் இருக்கும், அது போதும்.

சீரியல் போர்ட்ட நடத்துற யூஏஆர்டி சிப் எதுன்னும் பாக்கணும். விண்டோஸ் 98-ல கன்ட்ரோல் பேனல், மோடம்ஸ், டயக்னாஸ்டிக்ஸ் டேப்ல போர்ட்ட செலக்ட் பண்ணி மோர் இன்ஃபோ அமுக்குனா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு ஒரு விண்டோ வரும், அதுல இன்டரப்ட், அட்ரஸ், யூஏஆர்டி எல்லாம் போட்டுருக்கும். 16550-னு இருந்தா சரி, அதுல 16 பைட் பஃபர் இருக்கு. 8250 இல்ல 16450-னு இருந்தா ஒரு பைட் வந்தவுடனே சிபியு ஓடி வந்து எடுக்கணும், ரெண்டு லைன் ஒரே நேரத்துல கொட்டுறப்ப அள்ள முடியாம பைட் சிந்தும், ஸ்பீட் ஏறாம எரர் மட்டும் ஏறும், அப்படிப்பட்ட போர்ட்ட விட்டுட்டு 16550 இருக்குற ஐஓ கார்டு ஒண்ணு தேடுங்க. மோடம் பிராபர்ட்டீஸ்ல மேக்சிமம் ஸ்பீட் ரெண்டுக்கும் 115200, ஃப்ளோ கன்ட்ரோல் ஹார்ட்வேர். ரெண்டும் ஒரே மாடல்னா விண்டோஸ் ரெண்டாவதுக்கு பேருக்குப் பின்னாடி ஒரு 2 சேத்துக்கும், எது எந்த போர்ட்ல இருக்குன்னு மோடம் மேலயே ஒரு துண்டுச்சீட்டு ஒட்டிருங்க, பின்னாடி தலைவலி மிச்சம்.

லைன் பத்தி சொல்ற இந்த ஒரு விஷயத்துக்காகவே இத எழுதலாம். கடைல கெடைக்கிற தட்டையான நாலு கம்பி போன் ஒயர் இருக்கே, அதுல நடு ரெண்டு கம்பில ஒரு லைன், ஓரத்து ரெண்டு கம்பில இன்னொரு லைன்னு இழுக்காதீங்க. முறுக்கு இல்லாத ஒயர்ல ஒரு மோடம் கத்துறது இன்னொண்ணுக்கு கேக்கும். நான் அப்ப மாடிப்படில இருந்து ரூம் வரைக்கும் அப்படித்தான் இழுத்திருந்தேன், ஒரு மோடம் மட்டும் போட்டா 46,667-ல கனெக்ட் ஆகும், அது ஆன்லைன்ல இருக்குறப்பவே இன்னொண்ண சும்மா டயல் பண்ணிப் பாத்தா 31,200. ரெண்டு நாள் டிரைவர மாத்தி மாத்திப் போட்டேன். கடைசில லைன்மேன் ஒருத்தர் வந்து ஒயரப் பாத்துட்டு சிரிச்சுட்டு முறுக்கு ஒயர் ரெண்டு தனித்தனியா இழுத்துக் குடுத்தாரு, ரெண்டும் 45-க்கு மேல வந்துச்சு. ஆக மொதல்ல ஒவ்வொரு லைனையும் தனியா டயல் பண்ணி கனெக்ட் ஸ்பீட ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க, அப்புறம் ரெண்டையும் சேத்து. கொறஞ்சா ஒயர்தான். இன்னொரு கேஸ் இருக்கு, அந்த காலத்துல பிரிட்டன்ல ரெண்டாவது லைன் கேட்டா சில சமயம் புதுசா ஒயர் இழுக்காம பழைய ஒயர்லயே டாக்ஸ்னு ஒரு பெட்டி வச்சு ரெண்டு நம்பர் ஓட்டுனாங்க, அதுல 56 கே மோடத்துக்கு 56 கே வேகம் வரவே வராது, அந்த மாதிரி லைன்ல என்ன பண்ணாலும் வேஸ்ட். கால் வெயிட்டிங் இருந்தா ரெண்டு லைன்லயும் எடுத்துருங்க, அந்த பீப் சத்தம் மோடத்துக்கு எமன்.

விண்டோஸ் 98-ல செட் பண்றது அஞ்சு நிமிஷ வேலை. மை கம்ப்யூட்டர், டயல்-அப் நெட்வொர்க்கிங், உங்க கனெக்‌ஷன ரைட் கிளிக் பண்ணி பிராபர்ட்டீஸ், அதுல மல்டிலிங்க்னு ஒரு டேப் இருக்கும், யூஸ் அடிஷனல் டிவைசஸ் செலக்ட் பண்ணி ஆட் அமுக்கி ரெண்டாவது மோடத்தையும் அது டயல் பண்ண வேண்டிய நம்பரையும் குடுங்க. (95 வச்சிருந்தா இந்த டேப் வராது, டயல்-அப் நெட்வொர்க்கிங் 1.3 அப்டேட் போடணும்.) கனெக்ட் குடுத்தா மொத மோடம் டயல் பண்ணி லாகின் ஆகும், அதுக்கப்புறம்தான் ரெண்டாவது கத்த ஆரம்பிக்கும், ரெண்டும் சேந்து கத்தலயேன்னு பயப்படாதீங்க. டாஸ்க்பார் ஓரத்துல இருக்குற ஐகான டபுள் கிளிக் பண்ணி டீடெயில்ஸ் போனா ரெண்டு டிவைசும் லிஸ்ட்ல இருக்கும், ஒண்ண மட்டும் சஸ்பெண்ட் பண்ணி ரெஸ்யூம் பண்ற பட்டனும் அங்கயே இருக்கு, வீட்ல யாராச்சும் போன் பேசணும்னு கத்துனா அதுக்கு அது.

டயல் டோன் இல்லன்னு 680 எரர் வந்தா லைன் செத்துருச்சுன்னு அர்த்தம் இல்ல, அமெரிக்கா டோனுக்கு பழக்கப்படுத்துன மோடத்துக்கு நம்ம ஊர் டோன் சில சமயம் புரியாது. மோடம் பிராபர்ட்டீஸ்ல வெயிட் ஃபார் டயல் டோன்ங்கற டிக்க எடுத்துட்டா தீந்துச்சு.

விண்டோஸ் 2000, எக்ஸ்பில இன்னும் நல்லா பண்ணிருக்காங்க. கனெக்‌ஷன் பிராபர்ட்டீஸ் ஜெனரல் டேப்லயே ரெண்டு மோடத்தையும் டிக் பண்ணுங்க, ரெண்டுக்கும் வேற வேற நம்பர்னா ஆல் டிவைசஸ் கால் தி சேம் நம்பர்ஸ்ங்கற டிக்க எடுத்துருங்க. ஆப்ஷன்ஸ் டேப்ல மல்டிபிள் டிவைசஸ்னு இருக்கும், டயல் ஆல் டிவைசஸ் குடுத்தா ரெண்டும் எப்பவும் ஆன், டயல் டிவைசஸ் ஒன்லி அஸ் நீடட் குடுத்தா மொத லைன் நெறைஞ்சு வழியிறப்ப மட்டும் ரெண்டாவது ஏறும், வேலை கொறஞ்சா தானா இறங்கிரும், எத்தன சதவீதம் எத்தன நேரம்னு நாமளே வச்சுக்கலாம். பில் கட்டுறவங்களுக்கு இந்த ரெண்டாவதுதான் லாயக்கு. மெயில் படிக்கிற நேரத்துல ரெண்டு லைன் எதுக்கு.

ஐஎஸ்பி ஒத்துக்கலன்னா அந்த காலத்துல ஒரு சந்து வழி இருந்துச்சு, ரெண்டு லைன்ல ரெண்டு வேற அக்கவுண்ட் போட்டு, நடுவுல ஒரு ப்ராக்ஸி மாதிரி சாஃப்ட்வேர் வச்சு ஒவ்வொரு டவுன்லோடயும் ஒவ்வொரு லைன்ல தள்ளிவிடுறது. இது சேத்து கட்டுறது இல்ல, பங்கு போடுறது. ஒரே ஃபைல ஒரே தொடர்புல இறக்குனா ஒரு லைன் வேகம்தான், ஃப்ளாஷ்கெட், கெட்ரைட் மாதிரி ஃபைல நாலா பிரிச்சு இறக்குற சாஃப்ட்வேர் கூட சேந்தாதான் பலன் தெரியும்.

சரி, இன்னிக்கு ஐஎஸ்பிக்கு எங்க போறது, நாமளே ஐஎஸ்பி ஆகிற வேண்டியதுதான். நாலு மோடம் எதுக்கு வாங்குனேன்னு இப்ப புரிஞ்சிருக்கும், ரெண்டு இந்தப் பக்கம் ரெண்டு அந்தப் பக்கம். போன் லைனுக்கு பதிலா ரெண்டு போர்ட் இருக்குற ஏடிஏ பெட்டி (சாதா போன நெட்வொர்க்ல இணைக்கிறது) ரெண்டு, லிங்க்சிஸ் பாப்2டி இல்ல கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி 802 மாதிரி, நடுவுல ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டர்ல ஆஸ்டரிஸ்க்ங்கற சாஃப்ட்வேர், அதுதான் நம்ம டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். எல்லாமே ஒரே ஸ்விட்ச்ல ஒயர் போட்டுதான், வைஃபை வேணவே வேணாம், ஒரு பாக்கெட் தள்ளாடுனா மோடம் திரும்ப முதல்ல இருந்து ட்யூன் பண்ண ஆரம்பிச்சுரும். ஏடிஏல கோடெக், அதாவது சத்தத்த டேட்டாவா மாத்துற முறை, ஜி.711 மட்டும், மத்தது எல்லாம் ஆஃப். சைலன்ஸ் சப்ரஷன் ஆஃப், எக்கோ கேன்சலேஷன் ஆஃப், கால் வெயிட்டிங் ஆஃப், ஜிட்டர் பஃபர ஃபிக்ஸட்ல வைங்க. இதுல ஒண்ணு விட்டாலும் கனெக்ட் ஆகாம போகலாம், இல்ல ஆகி ரெண்டு நிமிஷத்துல அறுந்துரலாம்.

இதுல 56 கே கேக்காதீங்க. அதுக்கான விதிமுறை வி.90, அந்த வேகம் வரணும்னா ஐஎஸ்பி பக்கம் நேரடியா டிஜிட்டல் லைன்ல இருக்கணும், அனலாக்ல இருந்து டிஜிட்டலுக்கு மாறுறது வழில ஒரே ஒரு தடவைதான் நடக்கணும். நம்ம செட்டப்ல ரெண்டு முனையும் சாதா மோடம், அதனால உச்சம் 33.6.

சர்வருக்கு நான் போட்டது விண்டோஸ் 2000 சர்வர். அட்மினிஸ்ட்ரேடிவ் டூல்ஸ்ல ரூட்டிங் அண்ட் ரிமோட் ஆக்சஸ் ஓப்பன் பண்ணி எனேபிள் பண்ணுங்க, சர்வர் பேர ரைட் கிளிக் பண்ணி பிராபர்ட்டீஸ், பிபிபி டேப்ல மல்டிலிங்க் கனெக்‌ஷன்ஸ் டிக். போர்ட்ஸ்ல போய் ரெண்டு மோடத்தையும் ரிமோட் ஆக்சஸ் கனெக்‌ஷனுக்கு திறந்துவிடுங்க. யூசருக்கு டயல்-இன் டேப்ல அலோ ஆக்சஸ். இதெல்லாம் பண்ணியும் ரெண்டாவது லைன் ஏறலன்னா ரிமோட் ஆக்சஸ் பாலிசியோட ப்ரொஃபைல்ல தனியா ஒரு மல்டிலிங்க் டேப் ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு, அங்க அலோ மல்டிலிங்க் குடுத்து போர்ட் எண்ணிக்கைய 2-ன்னு வைங்க. எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க போனது இந்த டேப்லதான், நானே ஐஎஸ்பி ஆகி நானே எனக்கு லிமிட் போட்டு வச்சிருந்தேன்.

ரெண்டும் ஏறுனதும், டயல் பண்ற மெஷின்ல இருக்குறது எக்ஸ்பியோ 2000-ஓன்னா ஸ்டேட்டஸ் விண்டோல டீடெயில்ஸ் டேப் பாருங்க, பிபிபி மல்டிலிங்க் ஃப்ரேமிங்னு ஒரு வரி இருக்கும், ஆன்னு இருக்கணும். அப்புறம் வேகத்த அளக்கணும், இதுல ஏமாறாதீங்க, டெக்ஸ்ட் ஃபைல இறக்கிப் பாத்தா மோடம் உள்ளுக்குள்ளயே அமுக்கி அனுப்பி அதிக வேகம் காட்டும், அது மல்டிலிங்க் புண்ணியம் இல்ல. ராஸ்பெர்ரி பைல ஃபைல் இறக்குறதுக்கு ஒரு எஃப்டிபி சர்வர் போட்டு ஜிப் ஃபைல் ஒண்ண வச்சு அத இறக்குங்க. எனக்கு ஒரு மோடம் 31,200, இன்னொண்ணு 28,800, தனியா செகண்டுக்கு மூன்றரை கேபி வந்தது சேத்தப்ப ஆறரைய தாண்டுச்சு. பிங், அதாவது ஒரு பாக்கெட் போய்த் திரும்புற நேரம், அது மட்டும் பெருசா கொறையாது, சின்ன பாக்கெட் எந்த லைன்ல போனாலும் மோடத்துக்குள்ள ஆகுற தாமதம் அப்படியேதான் இருக்கும், கேம் ஆடத்தான் இதப் போடுறேன்னா வேணாம்.

கடைசியா, நிஜமாவே கட்டு சேந்திருக்கான்னு பாக்க, அந்த ஜிப் பாதி இறங்கிட்டு இருக்குறப்ப ரெண்டாவது மோடத்தோட போன் ஒயர உருவுங்க. டவுன்லோட் ஒரு நிமிஷம் மூச்சு முட்டி நிக்கும், அப்புறம் பாதி வேகத்துல அதே இடத்துல இருந்து ஓடணும். ஓடுனா ஒயர திரும்ப சொருகிட்டு டீ போட்டு வந்து உக்காருங்க, ஓடாம மொத்தமா நின்னுருச்சுன்னா அந்த ஒளிஞ்சிருக்குற மல்டிலிங்க் டேப்புக்கு திரும்பப் போங்க.